உபுண்டு இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியவில்லை. பயாஸில் மாற்றினால் விண்டோஸ் ஏறவில்லை

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி கொள்முதல் பட்டியலையும் எங்கள் கொள்முதல் பதிவேட்டையும் எக்செலில் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண் போகிறது. பைத்தான் தெரிந்தால் சுலபம் என்றார்கள், அதனால் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே எல்லாம் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். என் மடிக்கணினியிலும் அது இருந்தால் வீட்டில் பழகலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் நிற்கிறது.

மடிக்கணினி ஏசர் ஆஸ்பயர் 5. இன்டெல் ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸ் 10 உடன் வாங்கியது, இப்போது விண்டோஸ் 11 ஹோம். கம்பெனியின் கணக்கு மென்பொருளான டேலி இதில்தான் ஓடுகிறது. டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போடுவதும் இதில்தான். அதனால் விண்டோஸை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

நடந்தது இதுதான். உபுண்டு 24.04 கோப்பை இறக்கி ரூஃபஸ் என்ற செயலி வைத்து பென்டிரைவில் ஏற்றினேன். பென்டிரைவிலிருந்து ஏற்ற எஃப்12 அழுத்தினால் முதலில் ஒன்றும் வரவில்லை. பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) மெயின் பக்கத்தில் 'எஃப்12 பூட் மெனு' என்பது அணைந்து கிடந்தது, அதை இயக்கியதும் வந்தது. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் முறையில் வைஃபை, டச்பேட், சத்தம் எல்லாம் வேலை செய்தன. நிறுவலாம் என்று போனால் மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு, 'இந்தக் கணினியில் ஆர்எஸ்டி இயங்குகிறது, விண்டோஸுக்குப் போய் அதை அணைத்துவிட்டு வாருங்கள்' என்ற பக்கத்தில் நின்றுவிட்டது. விண்டோஸில் அப்படி ஒரு அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிக் கிடைக்கவில்லை. உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்தால் என் பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. எஸ்எஸ்டி இருப்பதற்கான சுவடே இல்லை.

ஒரு வீடியோவில் பயாஸுக்குள் போய் மெயின் பக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தியதும் மறைந்திருந்த 'சாட்டா மோடு' என்ற வரி வந்தது. 'ஆப்டேன் வித்தவுட் ரெய்டு' என்று இருந்ததை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினால் விண்டோஸ் ஏறவில்லை. நீலத் திரை, சோக முகம், கீழே 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'. அதுவே ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் அதே. அப்புறம் ரிப்பேர் என்று ஏதோ வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. திரும்பப் பழைய மோடுக்கே மாற்றியதும் விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போல் வந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சி டிரைவில் 270 ஜிபிக்கு மேல் காலி. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் 11 ஜிபிதான் எடுக்கலாம் என்கிறது. மீதி எங்கே போகிறது?

வீட்டுக்காரர் 'கடையில் கொடுத்துவிடு' என்கிறார். கம்பெனிக் கணக்கு உள்ளே இருக்கும்போது கடையில் கொடுக்க எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, பைத்தான் மட்டும்தான் வேண்டுமென்றால் எதற்கு இவ்வளவு கஷ்டம்? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து ஒரே கட்டளை கொடுத்தால் உபுண்டு டெர்மினல் உள்ளே வந்துவிடும். பார்ட்டிஷன், பயாஸ் எதையும் தொட வேண்டாம்.

இல்லை, தனியாகத்தான் வேண்டும் என்றால் மொத்தமாக ஃபார்மட் அடித்து முதலில் விண்டோஸ், அப்புறம் உபுண்டு என்று புதிதாகப் போட்டுவிடுங்கள். அரை நாள் வேலை. நான் அப்படித்தான் செய்தேன்.


பழைய மதர்போர்டு எழுதியது:

வணக்கம்மா. மதுரையில் ரொம்ப வருடம் சர்வீஸ் கடை வைத்திருந்தேன், இப்போது ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இதே நீலத் திரையோடு வந்து நிற்பார்கள். உங்கள் எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது, உபுண்டுவும் சரியாகத்தான் இருக்கிறது. விண்டோஸை அழிக்காமலே இதைச் செய்யலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. அந்த வீடியோவில் பயாஸ் பாதியைக் காட்டிவிட்டு விண்டோஸ் பாதியை விட்டுவிட்டார்கள்.

தம்பி கடைசிபெஞ்ச், டபிள்யூஎஸ்எல் யோசனை நல்ல யோசனைதான், வகுப்புக்கு அது போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 8 ஜிபி ரேமில் டேலி, எக்செல், பிரௌசர் எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு இதையும் ஓட்டினால் இழுக்கும். ஃபார்மட் யோசனையைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டு, அப்புறம் புதிய விண்டோஸில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று ஓடி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஎஸ்சி டிரைவர், பிரின்டர் என்று எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். எதற்கெடுத்தாலும் 'ஃபார்மட் அடி' என்பது நம் ஊர்க் கடைகளில் தொற்றிக்கொண்ட வியாதி. அதிலும், ஃபார்மட் அடித்தால்கூட பயாஸில் அந்த மோடு அப்படியே இருந்தால் உபுண்டுவுக்கு எஸ்எஸ்டி மறுபடியும் தெரியாது.

ஏன் தெரியவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், புரிந்தால் பயம் போய்விடும். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்பதுதான் அந்த ஆர்எஸ்டி. சாதாரணமாக, அதாவது ஏஹெச்சிஐ மோடில், என்விஎம்இ எஸ்எஸ்டி நேராக பிசிஐ வழியில் தனி சாதனமாகத் தெரியும். ஆர்எஸ்டி மோடில் (உங்கள் பயாஸில் 'ஆப்டேன் வித்தவுட் ரெய்டு' என்று இருப்பது) அதைச் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக வரச் சொல்வது மாதிரி. அந்தக் கொல்லை வழி இன்டெல் தரும் விண்டோஸ் டிரைவருக்குத் தெரியும், உபுண்டுவின் உள்மையமான லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் பென்டிரைவில் உபுண்டுவை ஓட்டி, டெர்மினலில் கெர்னல் பதிவைத் திறந்து 'ரீமேப்டு' என்று தேடிப் பாருங்கள். ரீமேப் செய்த என்விஎம்இ ஒன்று இருக்கிறது, பயன்படுத்த வேண்டுமானால் பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்று கெர்னலே எழுதிவைத்திருக்கும்.

'ஆப்டேன்' என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது இன்டெல் விற்றுக்கொண்டிருந்த ஒரு வகை கேஷ் நினைவகம், 2022லேயே அந்த வியாபாரத்தை மூடிவிட்டார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் மோடுக்குத்தான் அந்தப் பெயர், பொருள் உள்ளே இருக்காது. ஆனாலும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு எஸ்எஸ்டி இருந்தால் மேலே போகலாம். ஆப்டேன் என்று தனியாக ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள், அது வேறு வேலை.

நீலத் திரை ஏன் வந்தது? விண்டோஸ் ஏறும்போது கடைசியாக எந்த ஸ்டோரேஜ் டிரைவரை வைத்து ஏறியதோ அதை மட்டும்தான் ஆரம்பத்தில் எழுப்பும். சாதாரண என்விஎம்இ டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. திடீரென்று மோடை மாற்றினால் எஸ்எஸ்டியைத் திறக்க ஆள் இல்லாமல் கவிழ்கிறது. சேஃப் மோடில் ஏற்றினால் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் எழும்பும். ஒரு தடவை அப்படி ஏறிவிட்டால் அப்புறம் சரியான டிரைவரை அதுவே பதிந்துகொள்ளும். தந்திரம் இவ்வளவுதான்.

இனி வேலை. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி ரிட்டர்ன். அதையெல்லாம் அனுப்பி முடித்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். டேலி டேட்டா ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, வேறு ஒரு கணினியில் டேலியில் அதைத் திறந்து கடைசி வவுச்சர் வரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

அடுத்தது அந்த 48 இலக்கம். உங்கள் சி டிரைவ் என்கிரிப்ட் ஆகி, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. விண்டோஸ் ஹோமில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நுழைகிற பல கணினிகளில் நம்மைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கில் இணையத்தில் நுழைந்தால் ரெகவரி கீ கிடைக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே மடிக்கணினியில் நோட்பேடில் எழுதி வைத்துப் பிரயோஜனம் இல்லை. பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணையுங்கள். அணைத்தவுடன் முடிந்துவிடாது, பின்னால் மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருக்கும். சார்ஜரைச் செருகி விட்டுவிடுங்கள். முழுவதும் முடிந்தது என்று காட்டும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். என்கிரிப்ட் ஆன டிரைவ் இருந்தால் உபுண்டு இன்ஸ்டாலர் அதற்கும் தனியாக ஒரு பக்கம் காட்டி நிறுத்தும்.

அப்புறம் சேஃப் மோடு. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி 'எம்எஸ் கான்ஃபிக்' என்று ஓட்டுங்கள். பூட் என்ற தாவலில் 'சேஃப் பூட்', 'மினிமல்' இரண்டையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள்: சேஃப் மோடில் சில கணினிகளில் நான்கு இலக்க பின் வேலை செய்யாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைக் கேட்கும். பின்னையே பல வருடம் போட்டுப் பழகியவர்களுக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது. முதலிலேயே ஒரு தடவை அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு இணையத்தில் நுழைந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரீஸ்டார்ட் கொடுத்த கையோடு எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். இந்த நேரத்தில்தான், முன்பு செய்த அதே கண்ட்ரோல் எஸ், சாட்டா மோடு, ஏஹெச்சிஐ. எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் கறுப்புப் பின்னணியில், நான்கு மூலையிலும் 'சேஃப் மோடு' என்ற எழுத்தோடு வரும். வந்துவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று. மறுபடி எம்எஸ் கான்ஃபிக் போய் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். அந்த டிக்கை எடுக்காவிட்டால் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் சேஃப் மோடிலேயே வந்துகொண்டிருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்வி. 270 ஜிபி காலி இருந்தாலும் 11தான் தருகிறது என்றால், டிரைவின் நடுவில் எங்கோ நகர்த்த முடியாத கோப்பு உட்கார்ந்திருக்கிறது. ஷ்ரிங்க் எப்போதும் கடைசி முனையிலிருந்துதான் வெட்டும், அந்தக் கோப்பைத் தாண்டி வெட்டாது. பெரும்பாலும் மூன்று பேர்தான் குற்றவாளிகள்: ஹைபர்னேட் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து ஹைபர்னேட்டை அணைக்கும் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதும் சேர்ந்து அணையும். அது இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், உபுண்டுவிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும். டூயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம், போடுகிறவர்கள் இதை நிரந்தரமாக அணைத்துவைப்பதே நல்லது. பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்து, ஷ்ரிங்க் முடிந்ததும் திரும்ப இயக்குங்கள்.

எவ்வளவு வெட்டுவது? பைத்தான் பழக 100 ஜிபி தாராளம். அந்தப் பெட்டியில் எம்பி கணக்கில் கேட்கும், 102400 என்று போட வேண்டும். 100 என்று போட்டுவிட்டு உபுண்டுவுக்கு இடம் போதவில்லை என்று வந்தவர்களும் உண்டு. வெட்டிய இடம் கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று நிற்கும். அப்படியே விடுங்கள். அதில் 'நியூ சிம்பிள் வால்யூம்' உருவாக்கி டி டிரைவ் ஆக்கிவிடாதீர்கள். உபுண்டு இன்ஸ்டாலரிலேயே சி டிரைவைச் சுருக்கலாம்தான், ஆனால் விண்டோஸின் வீட்டை விண்டோஸே இடித்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

இனிமேல் பென்டிரைவில் ஏறினால் ஆர்எஸ்டி பக்கம் வராது, எஸ்எஸ்டி தெரியும். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பது வந்தால் அதையே கொடுக்கலாம். கையால் பிரிக்க நினைத்தால் காலி இடத்தில் எக்ஸ்ட்4 வகைப் பார்ட்டிஷன் ஒன்று, மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு, அவ்வளவுதான். ரூட் தனி, ஹோம் தனி, ஸ்வாப் தனி என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். அந்தச் சடங்கெல்லாம் வேண்டாம், ஸ்வாப்பை உபுண்டு ஒரு கோப்பாக அதுவே வைத்துக்கொள்ளும். பட்டியலில் 100 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று தெரியும். அது இஎஃப்ஐ பார்ட்டிஷன். இரண்டு சிஸ்டமும் ஏறுவதற்கான படிகள் அதில்தான் இருக்கும். அதை ஃபார்மட் செய்யக் கூடாது, புதிதாக இன்னொன்று உருவாக்கவும் வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஏதாவது புரியவில்லை என்றால் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.


வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அண்ணா சொன்னதோடு சேர்த்து ஒன்று, பின்னால் வாசிக்கிறவர்களுக்காக. இன்டெல் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிறகும் என்றால் பயாஸில் சாட்டா மோடு என்று இருக்காது, 'விஎம்டி கன்ட்ரோலர்' என்று இருக்கும். ஏசரில் அதுவும் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால்தான் தெரியும். அதை அணைப்பதற்கு முன்பும் இதே சேஃப் மோடு வழிதான்.

இன்னொன்று, மேசை லாச்சியில் கிடக்கிற பழைய பென்டிரைவில் நிறுவப் பார்க்காதீர்கள். 2024 ஆகஸ்ட் 13இல் வந்த விண்டோஸ் அப்டேட் சிஸ்டத்தை ஏற்றும் பழைய பூட்லோடர்களை, நம்பகமானதை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட்டில் தடைசெய்தது. அதன் பிறகு பழைய லினக்ஸ் பென்டிரைவுகளும், ஏற்கனவே டூயல் பூட் போட்டிருந்த சில கணினிகளும் 'எஸ்பிஏடி' சரிபார்ப்பு தவறியது என்று ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே அணைந்துபோயின. புதிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஏற்கனவே நிறுவியதில் அப்படி வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் மோக்யூடில் என்ற கருவி மூலமாக அந்த எஸ்பிஏடி கொள்கையை நீக்கி, அப்டேட் செய்துவிட்டுத் திரும்ப இயக்கலாம்.


நூல்கண்டு எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். டிவைஸ் மேனேஜரில் ஒரே எஸ்எஸ்டிதான். என்கிரிப்ஷன் அவிழ்வதற்குள் சமையலே முடிந்துவிட்டது. பாஸ்வேர்டு விஷயம் நீங்கள் சொல்லாவிட்டால் மாட்டியிருப்பேன், பின் கொடுத்தால் இப்போது பயன்படுத்த முடியாது என்றுதான் வந்தது. சேஃப் மோடு எழுத்தை நான்கு மூலையிலும் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. ஹைபர்னேட், பேஜ் ஃபைல் அணைத்ததும் ஷ்ரிங்க் தாராளமாக இடம் கொடுத்தது. உபுண்டுவும் முழுவதும் நிறுவி முடித்து, 'ரீஸ்டார்ட் செய்யவும், பென்டிரைவை எடுத்துவிடவும்' என்று வந்தது.

எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது! எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரை வரவே இல்லை. எஃப்12 பட்டியலிலும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' மட்டும்தான். டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் 100 ஜிபி பார்ட்டிஷன் இருக்கிறது. நிறுவினது வீணா?

வகுப்பில் ஒரு தம்பி செக்யூர் பூட்டை அணைத்தால் சரியாகும் என்கிறான். அணைக்கலாமா?


பழைய மதர்போர்டு எழுதியது:

வீணில்லை, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. செக்யூர் பூட்டை அணைக்க அவசரம் இல்லை, இன்னும் ஒரு படி பாக்கி.

ஏசர் பயாஸ் பலவற்றில் புதிதாக வந்த பூட் கோப்பை நாம் கையால் காட்டி 'இதை நம்பு' என்று சொல்ல வேண்டும். எஃப்2 அழுத்தி செக்யூரிட்டி பக்கத்துக்குப் போங்கள். 'செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டட் ஃபார் எக்சிக்யூட்டிங்' என்று நீளமாக ஒரு வரி இருக்கும். மங்கலாக இருக்கும், தேர்ந்தெடுக்க விடாது. அதற்கு மேலே 'செட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு' கொடுத்து ஒரு பாஸ்வேர்டு வைத்தால்தான் அந்த வரி உயிர்பெறும். இந்தப் பாஸ்வேர்டையும் ரெகவரி கீ எழுதின அதே காகிதத்தில் எழுதுங்கள். இதை மறந்தால் பயாஸுக்குள் எதையும் மாற்ற முடியாமல் போய்விடும், அதைத் திறப்பது கடையிலும் லேசில் ஆகாது.

அந்த வரியில் என்டர் தட்டினால் ஹெச்டிடி0 என்று வரும், உள்ளே இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று ஃபோல்டர்கள். உபுண்டுவுக்குள் 'ஷிம்' என்று தொடங்கி 64 என்ற எண்ணோடு முடியும் பெயருள்ள இஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'கிரப்' (எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் திரையைத் தருவது) என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கையொப்பம் ஷிம்மில்தான் இருக்கிறது, செக்யூர் பூட் அதைத்தான் முதலில் பார்க்கும். ஷிம் ஏறி கிரப்பைக் கூப்பிட்டுக்கொள்ளும். பெயர் கேட்டால் உபுண்டு என்று கொடுத்து, எஃப்10 சேமித்து ரீஸ்டார்ட். மறுபடி பயாஸ் போய் பூட் பக்கத்தில் அந்தப் புதிய பெயரை எஃப்6 வைத்து மேலே ஏற்றுங்கள்.

கிரப் திரை வந்து அதில் விண்டோஸ் இல்லை என்றாலும் பதற வேண்டாம். கிரப் 2.06லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடுவதைப் பாதுகாப்புக்காக இயல்பிலேயே அணைத்துவைத்திருக்கிறார்கள். கிரப் அமைப்புக் கோப்பில் ஓஎஸ் ப்ரோபரை இயக்கி கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலுக்கு வந்துவிடும். எஃப்12 வழியாக விண்டோஸ் எப்போதும் திறக்கும், அதனால் அவசரமில்லாமல் செய்யலாம்.


நூல்கண்டு எழுதியது:

வந்துவிட்டது அண்ணா! கிரப்பில் உபுண்டு, கீழே விண்டோஸ் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் ஏறுகின்றன, டேலியும் பழையபடி திறக்கிறது.

இப்போது சின்னதாக ஒன்று. உபுண்டு பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது. காலை 10 மணிக்கு 4.30 என்கிறது. இது ஏன்? போர்ட்டலில் டிஎஸ்சி போடும்போது இதனால் ஏதாவது தொல்லை வருமா?


கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, அது நம் ஐந்தரை மணி நேரம். மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் நினைக்கும். உபுண்டு அதில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். இந்தியாவுக்கு யுடிசி கூட்டல் 5.30 என்பதால் விண்டோஸ் அவ்வளவு பின்னால் போகிறது. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட் லோக்கல் ஆர்டிசி' என்பதை 1 என்று வைத்தால் இரண்டும் ஒரே கணக்குக்கு வந்துவிடும். அடுத்த முறை விண்டோஸில் நேரத்தை 'சிங்க் நவ்' கொடுத்துக்கொள்ளுங்கள். நேரம் தப்பாக இருக்கும்போது டிஎஸ்சி போடாதீர்கள், கையெழுத்தில் அந்தத் தப்பு நேரமே ஏறக்கூடும்.


பழைய மதர்போர்டு எழுதியது:

தம்பி சொன்னது சரி. அந்தக் கட்டளைக்கு உபுண்டு ஒரு எச்சரிக்கை காட்டும், பயணம் போய் நேர மண்டலம் மாறுகிறவர்களுக்கும் கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளுக்கும் அது. நமக்கு இரண்டும் இல்லை.

என்கிரிப்ஷனை அணைத்ததை மறந்துவிட வேண்டாம். கம்பெனிக் கணக்கு உள்ள மடிக்கணினி, பேருந்தில் தொலைந்தால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் திரும்ப இயக்குங்கள். இயக்கிய பிறகு கிரப் வழியாக விண்டோஸ் ஏறும்போது சில கணினிகளில் ரெகவரி கீ கேட்கும், ஏறும் பாதை மாறியிருக்கிறது என்று கீயைக் காக்கும் டிபிஎம் சிப் சந்தேகப்படுவதால். அப்படிக் கேட்டால் கீயைப் போட்டுப் போட்டு அலுத்துக்கொள்ளாமல், விண்டோஸ் வேண்டிய நாளில் எஃப்12 அழுத்தி 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வழியாகப் போங்கள், கேட்காது. உபுண்டுவிலிருந்து சி டிரைவ் அதன் பிறகு நேராகத் திறக்காது. ஜிஎஸ்டி எக்செல் கோப்புகளை இரண்டு பக்கமும் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் உபுண்டு பக்கம் கொண்டுபோக வேண்டாம்.